மூச்சு முட்டிய சுவர்

உலகம் உண்டான நாள் தொட்டு மனிதன் செய்த காரியங்களிலேயே மகத்தானது, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததுதான். சக்கரம், அச்சு இயந்திரம், மயக்க மருந்து எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவன் பிரசங்கி. சொன்னபோது அவன் ஏணியின் உச்சிப்படியில் நின்றபடி, ஆலய வளாகத்தின் பக்கச்சுவரில் ஆளுயர எழுத்தில் 'காத்திருப்போம்' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

பிரசங்கி என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இல்லை. கடைப்பலகையும் வண்டி நம்பரும் எழுதுகிற பெயின்டர் அவன். வாய் ஓயாத காரணத்தால் சபையில் எல்லோரும் 'அதிகப்பிரசங்கி' என்று கூப்பிட்டார்கள். நாளாக ஆக, சொல்கிறவர்களின் சோம்பலில் முதல் பாதி உதிர்ந்துபோயிற்று. அதை அவன் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டான்.

"விசுவாசி ஓடமாட்டான்," என்றான் ஏணியிலிருந்து. கீழே இளைஞர் குழு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. "ஓடுறவனுக்கு விசுவாசம் இல்ல. பஸ் வரும்னு நம்புறவன் ஸ்டாப்ல உக்காந்திருப்பான். நம்பாதவன்தான் நடக்க ஆரம்பிப்பான்."

"பஸ் ஸ்ட்ரைக்னா?" என்றார் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தான்.

"அப்ப உக்காந்திருக்கிறதுக்கு மதிப்பு இன்னும் ஜாஸ்தி அத்தான்."

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர்; குழாய் ரிப்பேர் பார்க்கிறவர். சபையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. கடைசி பெஞ்சில் வாசலோரம், எழுந்து ஓட வசதியாக. போதகர் 'ஜெபிப்போமாக' என்று கண்ணை மூடினால் இவர் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். யாராவது இருமினால் தண்ணீர் வந்து நிற்கும். தனியாக இருக்கிற டீச்சரம்மா வீட்டில் குழாய் சொட்டுகிறது என்று காதில் விழுந்துவிட்டால், ஆமென் வருவதற்குள் மனிதர் டீச்சரம்மா வீட்டு அடுப்படியில் மல்லாந்து கிடப்பார்.

இதைப் பிரசங்கி இளைஞர் கூட்டத்தில் நடித்துக்காட்டுவான். அவனுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்த நடிப்பு அது. முழங்கால் போட்டுக் கை கூப்பி உருக்கமாக ஆரம்பிப்பான். நடுவில் மூக்கை உறிஞ்சுவான். ஒரு கண் திறக்கும். "கர்த்தாவே, ஒரு நிமிஷம், எங்கேயோ சொட்டுது," என்று சொல்லிவிட்டு, இல்லாத ஸ்பானரைக் கையில் பிடித்தபடி, முழங்காலாலேயே மேடை முழுவதும் தவழ்வான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அக்காவே சிரித்துவிடுவாள். அத்தானும் சிரிப்பார். சிரித்து முடித்து, "நான் அவ்வளவு குனியமாட்டேன் மச்சான், இடுப்பு போயிடும்," என்று ஒரு திருத்தமும் சொல்வார்.

ஆலயத்துக்குப் பொன்விழா வந்தது. பேராயர் வருவதாக ஒப்புக்கொண்டார். வாசலில் நுழைந்ததும் அவர் கண்ணில் படுவது பக்கச்சுவர்தான். நீளமான, உயரமான கற்சுவர். அதற்கு இந்தப் பக்கம் ஆலயமும், ஆலயத்தை ஒட்டினாற்போல அக்கா நடத்துகிற குழந்தைகள் காப்பக அறையும். அந்தப் பக்கம் மண்மேடு. சுவரின் உச்சி வரைக்கும் மண். மேட்டின் மேலே வேறொரு தெரு. ஆக, சுவர் என்று ஒன்று அங்கே நிற்பது அழகுக்காக இல்லை. ஆனால் அரை நூற்றாண்டு ஒழுங்காக நின்றுவிட்ட எதையும் மனிதர்கள் அழகுக்காக நிற்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

சுவரின் முழங்கால் உயரத்தில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. தோள் உயரத்தில் இன்னொரு வரிசை. கட்டினவர்கள் குழாய்த் துண்டுகள் பதித்து விட்ட ஓட்டைகள். மழைக்காலத்தில் அவற்றிலிருந்து செம்மண் தண்ணீர் வழியும். வெள்ளை அடித்து, 'கா'வும் 'த்'தும் எழுதி முடித்த மறுநாளே ஒரு தூறல் போட்டது. 'கா'வுக்கு மூக்கு ஒழுகிவிட்டது.

கமிட்டி கூடியது. செயலாளர் ஐயா, எந்தக் கூட்டத்திலும் சட்டை மடிப்புக் கலையாத மனிதர், சுவரைப் பார்த்து, "பேராயர் முன்னாடி இப்படியா?" என்றார். ஓட்டைகளை அடைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. யார் அடைப்பது என்பதும் ஒருமனதுதான். பிரசங்கி ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சிமென்ட் குழைத்து, ஒவ்வொரு ஓட்டையாகக் கையை விட்டு உள்ளே திணித்து, மேலே பட்டி பார்த்து, வெள்ளை அடித்து, எங்கே இருந்தது என்றே தெரியாதபடி செய்தான்.

"நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் ஆடாது," என்றான் கையைத் துடைத்துக்கொண்டு.

அத்தான் வந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏன்டா மச்சான், இது ஒழுகலுன்னு உனக்கு யார் சொன்னா? இது சுவரு மூச்சு விடுற ஓட்டை. அடைச்சா மூச்சு முட்டும்."

"சுவரு மூச்சு விடுது, பைப்பு தும்முது, டேங்குக்குப் பல்வலி. உங்க ஊர்ல எல்லாத்துக்கும் உசிரு இருக்கு அத்தான்."

"விளையாடாத. மேட்டுல இறங்குற தண்ணி எங்க போகும்?"

"அதைப் படைச்சவருக்குத் தெரியாதா? நீங்க ஏன் அவருக்கு ஓவர்சியர் வேலை பாக்குறீங்க?"

இளைஞர் குழு கைதட்டியது. அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே போனார். பிரசங்கி மிச்ச எழுத்துகளை எழுதினான். ஏழு எழுத்தும் முடிந்ததும் சுவரின் இந்த முனையில் ஓர் ஆணி, அந்த முனையில் ஓர் ஆணி அடித்து, நூல் கட்டி, நூலோடு நூலாக எழுத்துகளுக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்தான். நூல் சுவரில் ஒட்டினாற்போலப் படுத்திருந்தது. அப்படி ஒரு கோடு அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது.

சும்மா வந்து போகிற மழை இல்லை அது. குடித்தனம் வைக்க வந்த மழை. ஆலயத்தின் ஓடுகள் ஒழுகின. வாசல் தூணில் பாசி ஏறியது. செயலாளர் ஐயாவின் சட்டைகூட மடிப்பு விட்டது. எதிர்த்த தையல்கடையின் சுவர், போஸ்ட் கம்பம், மரங்கள், தெருநாய், எல்லாம் தண்ணீர் வழிய நின்றன. இந்தச் சுவர் மட்டும் அவற்றோடு சேரவில்லை. மேலே விழுகிற மழை வழிந்து போனதோடு சரி. உள்ளேயிருந்து ஒரு சொட்டு வரவில்லை. எழுத்துகள் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று நின்றன.

"பாத்தீங்களா?" என்றார் செயலாளர் ஐயா குடைக்குள்ளிருந்து. "ஒரு சொட்டு! ஒரு சொட்டு உண்டா? ஸ்தோத்திரம்."

அத்தான் மட்டும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அவர் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரசங்கிக்கு முதலில் உறுத்தியது ஒரு பந்து. காப்பகத்தில் குழந்தைகள் உருட்டி விளையாடுகிற ரப்பர் பந்து. அக்காவைப் பார்க்கப் போனபோது அது அவன் காலடியிலிருந்து தானாக நகர்ந்தது. சுவர்ப்பக்கத்து வாசலிலிருந்து கிளம்பி, அவசரமில்லாமல், வீட்டுக்குப் போகிற பெரிய மனுஷன் மாதிரி, அறையைக் கடந்து எதிர்மூலையில் போய் உட்கார்ந்தது. அந்த மூலையில் ஏற்கெனவே மூன்று நான்கு பந்துகள் உட்கார்ந்திருந்தன.

"எல்லாம் அங்கதான் போகுது," என்றாள் அக்கா, ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்தபடி. "கதவும் தரையில உரசுது. நேத்து சாத்துறதுக்குத் தோளால முட்ட வேண்டியதாப் போச்சு."

"மழையில மரம் உப்பும்க்கா."

"மரம் உப்பும். தரையுமா உப்பும்?"

அவன் பதில் சொல்லுமுன் அக்கா மகள் ஓடிவந்து அவன் சட்டையை இழுத்தாள். 'குட்டி' என்றால் அந்தத் தெருவுக்கே அவள்தான். "மாமா, வா. சுவத்துக்கு வயிறு கடகடங்குது."

"சுவத்துக்கு வயிறு இருக்கா?"

"காது வெச்சுப் பாரு."

அப்பாவின் பிள்ளை என்று சிரித்துக்கொண்டே முற்றத்தைத் தாண்டிப் போய்க் காதை வைத்தான். சுவர் பனிக்கட்டி மாதிரி சில்லென்றிருந்தது. உள்ளே வெகு ஆழத்தில், பசித்த பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் புரள்கிற மாதிரி சத்தம் கேட்டது. அவன் காதை எடுத்துவிட்டான்.

"பாத்தியா?" என்றாள் குட்டி பெருமையாக.

"சாப்பிடலபோல," என்றான் பிரசங்கி. அவன் சொன்ன நகைச்சுவைகளில் அவனுக்கே சிரிப்பு வராதது அதுதான் முதல்.

மறுநாள் கோட்டில் ஓரிடம் நிறம் மங்கியிருக்கிறது என்று தொட்டுவைக்கப் போனான். பழைய ஆணிகளில் நூலைக் கட்டி இழுத்தான். நூல் சுவரில் படுக்கவில்லை. நடுவில், 'ரு'வுக்குக் கீழே, சுவர் நூலை முட்டித் தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் நூலுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் ஓரத்திலிருந்து பார்த்தான். நிறைமாத வயிறு மாதிரி சுவர் முன்னால் வந்திருந்தது.

மழை குடையில் தட்டிக்கொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். யாருமில்லை. விழா ஞாயிற்றுக்கிழமை.

அவன் செய்தது இதுதான்: கோடு போன பக்கம் சுவர் போகாததால், சுவர் போன பக்கம் கோட்டைப் போகவைத்தான். பழைய கோட்டை வெள்ளையால் அழித்துவிட்டு, வாசலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி, வளைவுக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கிப் புதுக்கோடு வரைந்தான். வேலை சுத்தமாக வந்தது. பேராயர் இல்லை, பேராயரைப் படைத்தவரே வாசலில் வந்து நின்றாலும் குறை கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தான். நினைத்த கையோடு அந்த நினைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. நூலை அவிழ்க்க மனமில்லாமல் அப்படியே விட்டுப் போனான்.

காலையில் வந்து பார்த்தபோது நூல் நடுவில் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நனைந்த நூல் சுருங்கும், சுருங்கினால் அறும் என்று அவன் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டான். விளக்கம் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அன்று சாயங்காலம் அத்தான் கமிட்டி முன்னால் போய் நின்றார். ஈரக் கால்சட்டை, கையில் பை.

"ஓட்டையைத் தொறந்துவிடலாம் ஐயா. நானே பண்றேன். விழா முடிஞ்சதும் நானே பூசியும் தரேன்."

"விழா முடியட்டும், தொறக்கலாம்," என்றார் செயலாளர் ஐயா.

"அது வரைக்கும் சுவர் பொறுக்கணுமே."

"அப்ப பிள்ளைங்களையாவது இடம் மாத்துங்க," என்றாள் கதவோரம் நின்ற அக்கா. "ஆலயத்துக்குள்ள ஒரு ஓரம் போதும்."

"அம்மா, உள்ள நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை போட்டாச்சு. பிள்ளைங்க கை படும். உங்க அறைக்கும் ஆலயத்துக்கும் நடுவுல இருக்கிற கதவைக்கூட நான் பூட்டிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

போதகர் நல்ல மனிதர். இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிற அளவுக்கு நல்லவர். அவர் பிரசங்கியைப் பார்த்தார். "தம்பி, தினமும் அந்தச் சுவத்தைத் தொட்டுப் பழகுறவன் நீதான். நீ சொல்லு. ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

அறையில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானும்தான். அத்தான் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் சங்கடம்.

"ஒண்ணுமில்ல," என்றான் பிரசங்கி. "கோடு நேராத்தான் இருக்கு."

சொன்ன பிறகு சும்மா இருந்திருக்கலாம். வாய் அப்படி விடுகிற வாய் இல்லை. காத்திருத்தலின் மகத்துவம் பற்றி அவன் பேச ஆரம்பித்தான். பஸ் ஸ்டாப் வந்தது. ஓடுறவனுக்கு விசுவாசம் இல்லை என்பது வந்தது. செயலாளர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை நிற்க வெள்ளிக்கிழமை காலையில் உபவாச ஜெபம் என்றும், அதைப் பிரசங்கியே முன்னின்று நடத்துவது என்றும் தீர்மானமாயிற்று.

அத்தான் பையை எடுத்துக்கொண்டார். "ஜெபம் பண்ணுங்க. நான் வேணாங்கல, நானும் பண்றேன். ஆனா எனக்குக் கையை வெச்சுக்கிட்டு சும்மா ஜெபம் பண்ண வராது. வெள்ளிக்கிழமை காலையில வந்து ஒடைக்கிறேன். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி."

வெள்ளிக்கிழமை காலையில் வெளிச்சமே வரவில்லை. மின்சாரமும் இல்லை. ஆலயத்துக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, வெள்ளை உறை போட்ட நாற்காலிகளை அழுக்காக்காமல் எல்லோரும் தரையில் முழங்கால் போட்டிருந்தார்கள். பக்கத்து அறையில் குழந்தைகள் இருந்தார்கள்; அவர்களின் அம்மாக்கள் வழக்கம்போல விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அத்தான் மட்டும் இல்லை. சொன்னபடி விடியலிலேயே வந்திருக்கிறார். அதற்குள் பள்ளத் தெருவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைத் தூக்க ஆள் வேண்டும் என்று யாரோ ஓடிவர, கருவிப்பையை அக்காவின் அறை வாசலில் மாட்டிவிட்டு, "இதோ வந்துடறேன்," என்று போனவர்தான்.

பிரசங்கி ஜெபித்தான். நல்ல குரல் அவனுக்கு. நாங்கள் அசையமாட்டோம் என்றான். எல்லோரும் ஆமென் என்றார்கள். நாங்கள் இடம் விட்டு நகரமாட்டோம் என்றான். ஆமென். அப்போது சுவர்ப்பக்கம் ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு பக்கத்து அறைக் கதவை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். அக்காவின் குரல்.

"தம்பி! கதவு வரமாட்டேங்குதுடா!"

பிரசங்கியின் ஒரு கண் திறந்தது.

"கர்த்தாவே, ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனான். தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழவில்லை.

முற்றம் முற்றமாக இல்லை. சுவரின் அடியில் தரை வீங்கி, பாவியிருந்த கல் எல்லாம் மீன் செதில் மாதிரி எழும்பி நின்றது. காப்பக வாசலில் நிலைப்படி மேலே ஏறிக் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. அவன் உதைத்தான். கதவு அசையவில்லை. சுவரைப் பார்த்தான். ஊரெல்லாம் தண்ணீராக இருக்கும்போது அதன் முகம் மட்டும் வெளுத்து, வீங்கி, வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தது. 'ரு'வின் சுழியில் ஒரு விரிசல். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 'ப்' வரைக்கும் நடந்து வந்தது.

அத்தானின் பை ஆணியில் தொங்கியது. சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குள் ஓடினான். நடுக்கதவில் பூட்டு.

"ஐயா, சாவி."

செயலாளர் ஐயா கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம். பிரசங்கி பொறுத்தான். அந்த ஒரு மூச்சு நேரம்தான் அவன் வாழ்நாளிலேயே நீளமான காத்திருப்பு. பிறகு சுத்தியலால் பூட்டை அடித்தான். மூன்றாவது அடியில் பூட்டு கழன்று தரையில் விழுந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

அக்கா பிள்ளைகளை ரயில் ஆக்கியிருந்தாள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கூவிக்கொண்டு, ரயில் ஆலயத்துக்குள் நுழைந்தது. வெள்ளை உறைகளில் வரிசையாகக் கைத்தடம் விழுந்தது. அக்கா தலைகளை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள், வாசலைக் காட்டி "எதிர்த்த தையல்கடைக்குப் போங்க, நிக்காம போங்க," என்றாள். தையல்காரர் அதற்குள் கடைக்கதவை அகலத் திறந்து தெருவில் இறங்கி நின்றிருந்தார். அவர் எந்தச் சபையும் இல்லை. மழையில் பிள்ளைகள் வருகிறார்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

ரயிலின் கடைசிப் பெட்டி குட்டி. அவள் பிரசங்கியிடம் நின்றாள்.

"மாமா, சுவத்துக்கு இப்ப வயிறு சத்தமே போடல."

அவன் அவளைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பினான்.

"எல்லாரும் வெளிய வாங்க. சுவர் வருது."

யாரும் எழவில்லை.

"வாங்கன்னு சொல்றேன்ல!"

"தம்பி," என்றார் செயலாளர் ஐயா, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "பயப்படாத. உக்காரு. நீதானப்பா சொன்ன? ஓடுறவனுக்கு விசுவாசம் இல்ல."

"பஸ் ஸ்டாப்," என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி எடுத்துக் கொடுத்தார்.

அவன் வாழ்க்கையில் யாரும் அவன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஒரு வார்த்தை தப்பாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

"கோடு நேரா இல்ல," என்றான் பிரசங்கி. "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். சுவர் வளைஞ்சு போச்சு. நான் கோட்டை மாத்தி வரைஞ்சுட்டேன்."

"எந்தக் கோடு?" என்றார் ஒருவர்.

இன்னும் நன்றாக விளக்கிச் சொல்லலாம். பஸ், ரயில், கப்பல் எல்லாம் கொண்டுவந்து சொல்லலாம். அவனிடம் வார்த்தை இருந்தது, நேரம்தான் இல்லை. போதகர் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கி வெளியே போனான்.

ஓட்டைகள் எங்கே என்று வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கையை விட்டு அடைத்த கை அது. வீங்கிய நடுப்பகுதியைத் தொடாமல் முனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றியது. 'கா'வின் காலடிக்குப் போனான். ஓட்டை முழங்கால் உயரத்தில். நின்றுகொண்டு அடித்தால் எட்டவில்லை, குனிந்தால் வீச்சு வரவில்லை. சேற்றில் முழங்கால் போட்டான்.

ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சிமென்ட். உளி வழுக்கியது. சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் ஆடாது என்று எவனோ சொன்னானே, அவனை அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது. அடித்தான். சில்லு சில்லாகப் பெயர்ந்தது. இன்னும் அடித்தான். உளி சட்டென்று உள்ளே போனது. முதலில் ஒரு விசில். எத்தனையோ நாளாக அடக்கி வைத்த மூச்சு. அதற்குப் பின்னாலேயே செம்மண் தண்ணீர் கைத்தடி கனத்தில் பாய்ந்து அவன் நெஞ்சில் அடித்து மல்லாக்கத் தள்ளியது.

எழுந்து 'த்'துக்குப் போனான். எழுந்து போக நேரமில்லை என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, முழங்காலாலேயே தவழ்ந்தான்.

இரண்டாவது ஓட்டை திறந்தபோது சுவர் முனகியது. மேலே 'ரு'வின் சுழி மொத்தமாகப் பெயர்ந்து அவனுக்குப் பக்கத்தில் விழுந்து சிதறியது. அவன் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம்தான். நல்ல குரல் இல்லை, அழகான வார்த்தை இல்லை. 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்பது மட்டும். கூடவே ஒவ்வொரு அடியும்.

பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போதகர். கையில் வாசல்கதவின் இரும்புத் தாழ்.

"அடுத்தது எங்கன்னு காட்டு தம்பி."

பிரசங்கி சுவரின் மறுமுனையைக் காட்டினான். 'ம்'முக்குக் கீழே. போதகர் போய் முழங்கால் போட்டார்.

போதகர் எழுந்து போனால் சபை எழுந்துதானே ஆகவேண்டும்? ஆலயம் மெல்லக் காலியாயிற்று. குடைகள் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயின. கடைசியாக வந்த செயலாளர் ஐயா, சேறாய்ப் போன சுவரைப் பார்த்து, "எழுத்தெல்லாம் போச்சே," என்றார். அக்கா வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

திறந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பாய்ந்தபடி இருந்தது. போதுமா, தாமதமாகிவிட்டதா என்று சுவர் சொல்லவில்லை. விரிசல் 'ப்'பில் நின்றிருந்தது; நின்றதா, மூச்சு வாங்குகிறதா தெரியவில்லை. பிரசங்கி ஒரு தடவை காதை வைத்துக் கேட்டான். கடகடவென்ற அந்தச் சத்தம் திரும்பி வந்திருந்தது. அது நல்லதா கெட்டதா என்று கேட்க அத்தான் இல்லையே என்று நினைத்தான். 'தி'யின் அடியில் உளியை வைத்தான்.

அத்தான் தலை முதல் கால் வரை சேறாக வந்து நின்றது அவனுக்குத் தெரியாது. அவர் சுவரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. தரையில் கிடந்த கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவு குனியாத மச்சான்," என்றார். "இடுப்பு போயிடும்."

சொல்லப் பிரசங்கியிடம் ஆயிரம் பதில் இருந்திருக்கும். அவன் உளியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு அடித்தான்.